ஈரக் கழிவு

பாவம் வந்தால் பெரிதாக வரும்,
சீறிக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன்.
அரைப் பென்சிலாக வந்தது,
காதில் செருகிக்கொள்ளும் அளவில்.

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் கீழ்ப்பிரிவு.
கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசின் முள்
ஆடி அடங்க நாலு மூச்சு ஆகும்.
நான் இரண்டாவது மூச்சில் வாசித்துவிடுவேன்.
பிறகு சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு.
மழையில் அது நியாயம்.
மாசி பங்குனியில்,
அணை வற்றி, மூழ்கிப்போன பழைய டவுனின் சுவர்கள்
வெயில் காய வெளியே வரும் மாதங்களில்,
இலை கையில் நொறுங்கும்போதும்
ஈரம் என்றுதான் எழுதினேன்.

பதினெட்டுக்கு முழுப்பேர்.
ஒன்று குறைந்தால் அரைப்பேர்.
பேர் என்றால் எங்கள் பக்கம் ஒருநாள் கூலி.
ஆண்டவர் நம்மைப் பேர்சொல்லி அழைக்கிறார் என்று
ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன்
திங்கட்கிழமை பேரைப் பாதியாய் முறித்தேன்.

எனக்கு அதில் ஒரு சதமும் இல்லை.
மாதக் கடைசியில் தொரை தோளில் தட்டுவார்,
அவ்வளவுதான்.
அதை வைத்தே பதினோரு வருசம் நல்லவனாயிருந்தேன்.
திருடன் என்றால் பை வீங்கவேண்டாமா?

விபூதிப் புதனன்று புதுச் சாமியாரிடம் போனேன்.
மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, குளிர் பழகாதவர்,
அங்கிக்கு மேல் சுவெட்டர்.
"எத்தனை தரம்?" என்றார்.
எனக்குக் கணக்குத் தெரியும். சொன்னேன்.
நெடுநேரம் இருமினார்.
"திருப்பிக் குடுங்கோ."

மறுநாளே கொடுத்தேன்.
அடைக்கலமேரிக்கு இரண்டு கூட்டி எழுதினேன்.
சிலுவாயிக்கு இரண்டு.
பென்சில் அதே பென்சில்.
சம்மனசுகளே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல்
நெஞ்சுக்குள் என்னவோ இலேசாகிப் பறந்தது.

பேச்சாயி நகரவில்லை.
அவள் நெற்றியில் அவளுடைய விபூதி.
என் நெற்றியில் நேற்றையது, பாதி அழிந்து.
"ஐயா, பதினேழுதானே நின்னுச்சு.
பத்தொம்பதுன்னு போட்டுட்டீங்க."
"உனக்குத்தான் பேச்சாயி. முழுப்பேர் விழும்."
"யாரு ஊட்டுக் கிலோ அது?"

எடுத்தபோதும் என் பையில் போடவில்லை.
கொடுத்தபோதும் என் பையிலிருந்து கொடுக்கவில்லை.
மனந்திரும்பியதிலும்
ஈரக் கழிவு போட்டிருக்கிறேன்.

அவள் கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டாள்.
"கொறைச்சப்பவும் நான் முள்ளத்தான்யா
பாத்துக்கிட்டு நின்னேன்.
உள்ளத எழுதுங்க."

பதினோரு வருசம் பார்த்திருக்கிறாள்.
பார்த்துக்கொண்டே, தேத்தண்ணி நேரத்தில்,
"சாப்பிட்டீங்களா ஐயா" என்றும் கேட்டிருக்கிறாள்.
கடவுளின் கண் மேலேயிருந்து பார்க்கிறதென்று
மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன்.
அது என் முன்னால் வரிசையில் நின்றிருக்கிறது,
கூடைக்கயிற்றுக்குக் கீழே.

அழித்தேன். பதினேழு. அரைப்பேர்.
அது உண்மை. நன்மையா என்று கேட்டால்
இன்றுவரை தெரியாது.

சம்பளத்தன்று என் காசை உறைகளில் போட்டு
லயம் லயமாய்ப் போனேன்.
எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.
யாரும் அழவில்லை, யாரும் மன்னிக்கவில்லை.
சிலுவாயி நின்றபடியே எண்ணிப் பார்த்து
"இன்னும் வரும்" என்றாள்.
வரும்தான்.

பேச்சாயி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்,
கையெல்லாம் சவுக்காரம்.
"இது யாரு ஊட்டுது?"
"என்னோடது."
"அப்ப அந்த டின்னுக்குக் கீழ வையுங்க."

இன்று காலை மழை.
மலை தெரியவில்லை, இலையில் உண்மையாகவே ஈரம்.
எத்தனை கிலோ அது என்று சொல்ல
என் வாயில் தைரியமில்லை.
வரிசை நீள்கிறது, பெண்கள் நனைகிறார்கள்,
முள் இன்னும் ஆடுகிறது ஆண்டவரே.
மூன்றாவது மூச்சு.